பன்னிரண்டு தொன் அதிகம்

பௌர்ணமிப் போயா என்றால் விடுமுறை. விடுமுறை என்றால் புருஷன் சொக்கு ஒன்பது மணிக்கு முன் கண் திறக்க மாட்டான். அதனால் காலை ஏழு மணிக்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்த மேனகாவுக்கு, திரையில் கண்ட கண்றாவிக்காகத் திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை. கையில் கிடைத்தது தேநீர்க் கோப்பைதான். அதை மேசையில் குத்திய வேகத்தில் பாதித் தேநீர் வெளியே சிந்தியது.

கப்பலின் திரஸ்டரை மாற்றி வைத்திருக்கிறான் மனுஷன்!

அந்த விண்வெளி விளையாட்டில் கப்பலைத் தள்ளுகிற எஞ்சினுக்குத் திரஸ்டர் என்று பெயர். மேனகா தேடிப் பிடித்துப் பூட்டியிருந்தது இருப்பதிலேயே சின்னது, எட்டுத் தொன் பாரம். இப்போது அந்த இடத்தில் இருபது தொன்னில் ஒரு பூதம் குந்தியிருந்தது. நேற்றுப் பின்னேரம் கூட விளையாடுகிற பிறெடியோடு பந்தயம் ஓடப் போவதாகச் சொக்கு சொன்னது உண்மைதான். ஓடி முடித்ததும் பழையதைப் பூட்டி வைக்கச் சொல்லி அவள் சமையலறையிலிருந்து இரண்டு தரம் கத்தியதும் உண்மைதான். "ஆமா, ஆமா" என்றான். அந்த ஆமாவின் பெறுமதி கல்யாணமான முதல் வருஷமே அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நம்பித் தொலைக்கிறாள்.

இன்றைக்கென்று பார்த்துத்தானா? பத்து மணிக்குப் பயணம். கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து விளையாடுகிற பதினான்கு பேரின் பதினான்கு கப்பல்கள், ஐந்து கிழமையாகப் பறந்து வந்து, வரைபடத்தின் கடைசித் துறையில் கட்டி நிற்கின்றன. அதற்கப்பால் நாற்பத்திரண்டு ஒளியாண்டுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது, வெறும் பள்ளம். ஒரே பாய்ச்சலில் தாண்டினால் அக்கரையில் இரட்டை வளையம் போட்ட ஒரு கோள் இருக்கிறது. அதில் இதுவரை யாரும் இறங்கியதில்லை. முதலில் இறங்குகிறவரின் பெயரை விளையாட்டு அந்தக் கோளுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிடும். பிறகு யாராலும் அழிக்க முடியாது.

கப்பலின் பாரம் கூடினால் பாய்ச்சல் குறையும். பாரத்தைக் குறைக்க எதையாவது கழற்றினால் அது இல்லாத குறை வேறெங்காவது போய் இடிக்கும். இந்தத் தலையிடி மேனகாவுக்குக் கைவந்த கலை. வெள்ளவத்தையில் பிறந்து, கணிதம் படித்து, இப்போது ஒரு சரக்கு நிறுவனத்தில் கொள்கலன்களுக்குள் எதை எங்கே ஏற்றுவது என்று திட்டம் போடுவதுதான் அவள் வேலை. திட்டம் அவளுடையது, கீழே கையெழுத்து மேலாளருடையது. பதினான்கு கப்பல்களுக்கும் எதைப் பூட்டுவது, எதை இறக்குவது, எந்தத் திரஸ்டர் போடுவது என்று மூன்று பக்கத்துக்குத் திட்டம் போட்டதும் அவள்தான். இங்கே கையெழுத்து சொக்குவுடையது.

அது நடந்த விதம் இதுதான். கணினி வாங்கிய அன்று விளையாட்டில் கணக்குத் திறந்தவன் சொக்கு. கொடுத்தது அவன் தொலைபேசி எண், போட்டது அவன் பெயர். ஒரு கணினி, ஒரு கப்பல், புருஷனும் பெண்சாதியும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். மேனகா குழுவுக்கு எதை எழுதி அனுப்பினாலும் அது 'சொக்கு' என்ற பெயரில்தான் போய் விழும். பேச்சு அழைப்பில் இருப்பவனும் சொக்குதான். அவள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து வாசிப்பான். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். ஜிந்துப்பிட்டியில் இருக்கிற மெல்ரோய், குழுவுக்குத் தலைவன் மாதிரி, சொக்குவை 'புறபெசர்' என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டான். புறக்கோட்டையில் மாமனின் புடைவைக் கடையில் மீற்றர் மீற்றராகத் துணி கிழிக்கிற சொக்குவுக்கு அந்தப் பேராசிரியப் பட்டம் உள்ளே போய் இனித்தது. இது என் மனைவி போட்டது என்று சொல்லும்படி மேனகா முதல் நாளே சொன்னாள். "சொல்றேன், சொல்றேன்" என்றான். எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான், அவளிடம் மட்டும்.

போன கிழமை அவள் அடம் பிடித்தாள். கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வாக்குத் தந்தால்தான் தருவேன் என்று நின்றாள். "போயா அன்னைக்கு, கெளம்புறதுக்கு முன்ன, எல்லார் முன்னாலயும் சொல்றேன், போதுமா?" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். விளையாட்டுத்தானே, யார் போட்ட கணக்கு என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மேனகாவுக்கு அது வேண்டும். வேலையிடத்தில் கிடைக்காதது இங்கேயாவது கிடைக்க வேண்டும். அந்த ஒரு வசனத்தைக் கேட்கத்தான் அவள் ஏழு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

சரி, ஆத்திரப்பட்டு ஆவதொன்றுமில்லை. கொப்பியை விரித்தாள்.

பழைய சின்னத் திரஸ்டர் போனது போனதுதான். துறையின் பட்டறையில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் தாளைப் பார்த்துப் பதின்மூன்று பேரும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இருப்பது நடுத்தரம், பதினான்கு தொன். அதைப் பூட்டினால் பாய்ச்சல் நாற்பத்திரண்டு தசம் இரண்டு வரும். மயிரிழையில் தப்பலாம். ஆனால் அந்தத் துறையில் பொருள்களை வைத்துவிட்டுப் போக இடமில்லை. பூதத்தைக் கழற்றினால் அது போய்விடும். சொக்கு மூன்று மாதமாக உதிரிப்பாகம் பொறுக்கிப் பொறுக்கித் தீட்டிய திரஸ்டர் அது, பந்தயத்துக்காக நேற்றுத்தான் காசு கட்டி இங்கே வரவழைத்திருந்தான். எறிந்துவிட்டு, அவன் தூங்கி எழும்பும்போது அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. கை வரவில்லை.

பூதத்தை வைத்துக்கொண்டே தாண்ட முடியுமா? பன்னிரண்டு தொன் அதிகம். ஒரு தொன்னுக்குத் தசம் மூன்று ஒளியாண்டு போகும். நாற்பத்து நான்காக இருந்தது நாற்பது தசம் நான்காகிவிட்டது. ஐந்தரைத் தொன்னாவது இறங்க வேண்டும். தரையில் ஓட்டும் வண்டி இரண்டு தொன், அது போகட்டும். எரிபொருளில் கைவைக்க முடியாது, திரும்பி வர வேண்டும். மிஞ்சியது கவசம், நான்கு தொன். இரண்டையும் இறக்கினால் நாற்பத்திரண்டு தசம் இரண்டு, நடுத்தரத்துக்கு வந்த அதே எண். ஆனால் கவசமில்லாமல் ஒரு கோளில் இறங்கலாமா? தரையில் மெல்லத் தட்டினாலே கப்பலின் உடல் வெடிக்குமே. அது கோளின் ஈர்ப்பைப் பொறுத்தது. ஈர்ப்பு எவ்வளவு என்று தன் தாளையே புரட்டிப் பார்த்தாள். தசம் நான்கு என்றிருந்தது. பூமியில் பாதிகூட இல்லை, பஞ்சு மாதிரி இறங்கலாம்.

பேனாவைக் கீழே வைக்கப் போனவள், வைக்கவில்லை.

தசம் நான்கு பழைய கோளின் எண். முதலில் போவதாக இருந்தது ஒரு சின்னச் சந்திரனுக்கு. இரண்டு கிழமைக்கு முன்னால் மெல்ரோய்தான், வளையம் போட்ட கோளில் நின்று படம் பிடித்தால் எடுப்பாக இருக்கும் என்று வாக்கெடுப்பு வைத்து மாற்றினான். அவள் தூரத்தை மாற்றினாள். ஈர்ப்பை மாற்றவில்லை.

வரைபடத்தைத் திறந்தாள். பள்ளத்துக்கு அக்கரையில் உள்ள கோள்களுக்கு வரைபடம் ஈர்ப்பைக் காட்டாது. நிறையையும் ஆரையையும் மட்டும் காட்டும், மற்றதை நாமே கணிக்க வேண்டும். நிறை பூமியைப்போல ஏழு மடங்கு. ஆரை ஒன்றரை மடங்கு. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்க இரண்டேகால். ஏழை இரண்டேகாலால் பிரிக்க மூன்று தசம் ஒன்று.

சின்னத் திரஸ்டர் தாங்குவது இரண்டு வரைக்கும்தான். அதற்கு மேல் அது கப்பலைப் பிடித்து நிறுத்தாது, கல்லாக விழும். கவசம் ஒரு தட்டலைத் தாங்கும், விழுகையைத் தாங்காது. நடுத்தரம் மூன்றரை வரை தாங்கும். சொக்குவின் பூதம் ஐந்து வரை தாங்கும், கவசம் இல்லாமலே பஞ்சு மாதிரி இறக்கும். பதினான்கு கப்பல்களில் உயிர் தப்பக்கூடியது ஒன்றே ஒன்று, அவளைக் கேட்காமல் பாழாக்கப்பட்ட அவளுடைய கப்பல். மற்றப் பதின்மூன்றும் அவள் பேச்சைக் கேட்டவை.

தன்மேலேயே அவளுக்கு அப்படியொரு வெறுப்பு வந்தது. ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம்! வேலையிடத்தில் யாராவது இப்படி விட்டிருந்தால் பிடித்து உலுக்கியிருப்பாள்.

படுக்கையறைக்குப் போய் விசிறியை நிறுத்தினாள். சொக்குவை எழுப்ப அதுதான் ஒரே வழி.

"எழும்புங்கோ. இஞ்ச, எழும்புங்கோ எண்டுறன்."

"மணி என்ன?"

"எட்டரை. ரெண்டு பிழை நடந்திருக்கு. ஒண்டு உங்கட, மற்றது என்ட. உங்கடயப் பிறகு கதைப்பம், என்ட பெருசு."

'மற்றது என்ட' என்றதில் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். மேனகாவின் கணக்குப் பிழைப்பது அவனுக்குப் புதுச் செய்தி. அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைப் பிளந்து கேட்டான்.

"அப்ப பதிமூணும் விழுந்துருமா?"

"விழும்."

"நம்மளோடது?"

"விழாது. நீங்க பூட்டின சாமானால."

"பாத்தியா!" என்று முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். "நான் பூட்டினது எவ்வளவு நல்லதாப் போச்சு!"

அவளுக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். "கேளுங்கோ. பத்து நிமிஷ வேலை. எல்லாரும் நடுத்தரத்துக்கு மாறினாப் போதும், தாண்டவும் ஏலும், இறங்கவும் ஏலும். இண்டைக்குச் சொல்லுறதா இருந்தீங்கதானே, அதோட சேத்துச் சொல்லுங்கோ. கணக்கு மேனகாட, பிழையும் மேனகாட, இதுதான் திருத்தம் எண்டு. எனக்கு ஒரு வெக்கமுமில்ல."

சொக்கு தலையைச் சொறிந்தான். விசிறியைத் திரும்பப் போட்டான். சாரத்தை இறுக்கிக் கட்டினான்.

"அதுக்கில்ல மேனகா. எட்டு மாசமா என் கணக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. பிழைன்னு தெரிஞ்ச அன்னைக்குப் பாத்து, அது என்னுதில்ல, வீட்டுக்காரியோடதுன்னு சொன்னா எப்புடி? பழியத் தூக்கிப் பொண்டாட்டி தலையில போடுறான்னு சிரிக்க மாட்டாங்களா?"

"அப்ப உங்கட பிழை எண்டே சொல்லுங்கோ. எப்பிடியோ சொல்லுங்கோ. அவையள் விழாமல் இருந்தாக் காணும்."

"என் பிழைன்னா? புறபெசருக்கே பிழைச்சுப் போச்சுன்னு மெல்ரோய் ஊரெல்லாம் சொல்லுவான்."

"அப்ப என்னதான் சொல்லப் போறீங்க?"

"யோசிக்கிறேன்" என்று குளிக்கப் போய்விட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் குளித்தான். மேனகா தன் வாழ்க்கையில் ஒரு கதவை அப்படித் தட்டியதில்லை. உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் பெரிதாகியது. குழுவில் எழுதிப் போடலாம், ஆனால் இதை அவன் வாயாலேயே சொல்லட்டும் என்று பொறுத்தாள்.

ஒன்பதே முக்காலுக்கு அழைப்பு வந்தது. இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று மேனகாவே ஒலிவாங்கியைத் தலையில் மாட்டினாள்.  எட்டு மாதத்தில் அந்தக் கூட்டத்துக்கு அவள் குரல் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஹலோ, நான் மேனகா கதைக்கிறன்."

"ஆ, அண்ணி!" மெல்ரோயின் குரலில் அத்தனை அன்பு. "எப்படிச் சுகம்? அண்ணன் இன்னும் எழும்பேல்லயா?"

"குளிக்கிறார். ஒரு அவசரம், எல்லாரும் கேளுங்கோ. அந்தத் தாள்ல ஒரு பிழை இருக்கு. ஈர்ப்புத் தசம் நாலில்ல, மூண்டு தசம் ஒண்டு. சின்னத் திரஸ்டரோட இறங்கினா நேர விழுவீங்க. எல்லாரும் இப்பவே நடுத்தரத்துக்கு மாறுங்கோ."

 பிறெடி கேட்டான். "அண்ணன்ட பேப்பர்ல தசம் நாலு எண்டுதானே அண்ணி கிடக்கு?"

"அந்தப் பேப்பர் நான் எழுதினது. அது பழைய சந்திரன்ட எண், மாத்த மறந்துட்டன். நம்பாட்டி நீங்களே பாருங்கோ. நிறை ஏழு, ஆரை ஒண்டரை. ஏழை ரெண்டேகாலால பிரியுங்கோ. எண்ணி ஒரு நிமிஷம்."

யாரோ மெல்லச் சிரித்தது கேட்டது. கேலி இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் குழந்தை பாட்டுப் பாடும்போது சிரிப்பார்களே, அப்படி. ஒருவராவது பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"அண்ணி, குறை நினைக்காதீங்க" என்றான் மெல்ரோய். "நடுத்தரம் போட்டா நாப்பத்திரண்டு தசம் ரெண்டுதான் வரும். ஒரு சொட்டுப் பிசகினாலும் பள்ளத்துக்கு நடுவில நிண்டுருவம். அண்ணன் எட்டு மாசமா ஒரு தசம் பிழை விட்டதில்ல. அண்ணன்ட கணக்கு எண்டா கண்ண மூடிக்கொண்டு போகலாம். அவர் வந்தா ஒருக்காக் குடுங்க."

 எட்டு மாதமாக ஒரு தசம் பிழை விடாதவள் இங்கே உட்கார்ந்து கத்துகிறாள். அவள் சொல்லைத் தட்டிவிடுவதற்கு அவர்கள் கையில் எடுத்திருப்பது அவளுடைய கெட்டிக்காரத்தனத்தையே. யாரோடு சண்டை பிடிப்பது?

அந்த நேரம் பார்த்துச் சொக்கு துவாயோடு வந்தான். தலைவாரிக்கொண்டே ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான்.

"சொல்லு மெல்ரோய்."

"அண்ணே, அண்ணி ஏதோ பிழை எண்டுறா. எங்களுக்கு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். தாள்ல உள்ளபடி போறதா, மாத்துறதா?"

சொக்கு அவளைப் பார்த்தான். அவள் கைகூப்பாத குறை. மாத்துங்கோ என்று வாயசைத்தாள். ஒரு சொல்தான். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"தாள்ல உள்ளதுதான்" என்றான்.

மேனகா பாய்ந்து விசைப்பலகையைப் பிடித்தாள். 'நடுத்தரம் போடுங்கள், உடனே மாற்றுங்கள்' என்று தட்டினாள். சொக்கு என்ற பெயரில் அது குழுவில் போய் விழுந்தது. வேறு எந்த நாளிலும் அந்தப் பெயரில் விழும் எழுத்துக்கு மறுபேச்சு இருந்ததில்லை.

"அண்ணே, அண்ணி டைப் பண்ணுறா போல!" என்றான் பிறெடி. எல்லோரும் சிரித்தார்கள். சொக்குவும் சிரித்தான்.

அவள் கையை எடுத்துவிட்டாள். சொக்கு உட்கார்ந்தான். கொப்பியில் அவள் எழுதியிருந்ததைப் பார்த்து, சத்தம் போடாமல், தன் கப்பலிலிருந்து கவசத்தையும் வண்டியையும் இறக்கினான். நாற்பத்திரண்டு தசம் இரண்டு.

"அப்ப என்ட கணக்கு உங்களுக்குச் சரியெண்டு தெரியுது" என்றாள் மேனகா.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு" என்றான், ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு.

பதினான்கு கப்பல்களும் பாய்ந்தன. பதினான்கும் பள்ளத்தைத் தாண்டின. அவள் பிழைவிடாத பகுதி அது. கோள் திரையை நிறைத்துக்கொண்டு வந்தது. இரண்டு வளையமும் வெள்ளிக் காப்பு மாதிரி மினுங்கின. அந்தப் பக்கம் கூச்சலும் கும்மாளமும். எல்லோரும் சேர்ந்து நின்று படம் பிடிக்க வேண்டுமென்று மெல்ரோய் கத்த, கப்பல்கள் அடுத்தடுத்துக் கீழே மூக்கைத் திருப்பின. பூதத்தின் வேகத்தில் சொக்கு எல்லோரையும் முந்தினான். மெல்லத் தாழ்ந்து, புழுதி கிளப்பி, பூப்போல இறங்கினான். திரையில் கோளுக்குப் பக்கத்தில் எழுத்து வந்தது: முதலில் கால் பதித்தவர், சொக்கு.

"மேலயே நிக்கச் சொல்லுங்கோ!" மேனகா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இப்பவாவது சொல்லுங்கோ!"

"எல்லாரும் மேல நில்லுங்க" என்றான் சொக்கு. அதைச் சொன்ன குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

"அண்ணே, நிக்குதில்ல! ஃபுல்லா இழுக்கிறன், நிக்குதில்ல!" முதலில் பிறெடி போனான். அடிவானத்தில் ஒரு வெளிச்சம். பிறகு இன்னொன்று. பெயர் சொல்லி ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். கடைசியாக மெல்ரோய், அவர்களுக்கு முந்நூறு மீற்றர் தள்ளி. உடைந்த கப்பலை விளையாட்டு கிளம்பிய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். பதின்மூன்று பேரும் ஐந்து கிழமைப் பயணத்தை இழந்து, முதன்முதல் கிளம்பிய துறையில் போய் நின்றார்கள்.

அழைப்பு மட்டும் அறுபடவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

"அண்ணே" என்றான் மெல்ரோய். குரலில் 'புறபெசர்' இல்லை. "நீங்க மட்டும் எப்பிடி இறங்கினீங்க?"

சொக்கு துவாயால் முகத்தைத் துடைத்தான்.

"நேத்துப் பெரிய திரஸ்டர் மாத்தினதப் பாத்தனான் அண்ணே" என்றான் பிறெடி. "எங்களுக்குச் சின்னதப் போடச் சொல்லிப்போட்டு நீங்க பெருசு போட்டீங்க. முதல் பேருக்காகவா?"

சொக்குவின் காது சிவந்தது. மேனகாவைத் திரும்பிப் பார்த்தான். திரையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"இல்லடா. ஒரு உண்மையச் சொல்லணும். ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். இந்தக் கணக்கு நான் போட்டதில்ல. எட்டு மாசமா எல்லாத்தையும் போட்டது மேனகாதான். நான் வெறுமனே வாசிச்சேன். இன்னைக்கு அவளுக்குப் பிழைச்சுப் போச்சு."

பதின்மூன்று பேரும் கேட்டார்கள். பெயரோடு, தெளிவாக, ஒரு எழுத்து விழுங்காமல் சொன்னான். மேனகா ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். காலையில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும் போலிருந்தது, ஏழையும் இரண்டேகாலையும், நடுத்தரத்தையும், பத்து நிமிடத்தையும். வாயைத் திறந்தாள். அதற்குள் மெல்ரோய் பெரிய மூச்சாக விட்டான். கோபம் தணிந்துபோன மூச்சு.

"அண்ணியா போட்டது? அதானே பாத்தன், அண்ணனுக்கு இப்படிப் பிழைக்காதே. பரவாயில்ல அண்ணி, மனசில வச்சிக்காதீங்க. அடுத்த முறை அனுப்ப முதல் அண்ணனிட்ட ஒருக்காக் காட்டிப்போட்டு அனுப்புங்க."